நாற்பத்து நான்கு எண்கள்

பொன்மாரி அந்தப் பொத்தானை அழுத்தியபோது மணி பத்தே முக்கால். அழுத்திய விரலை உடனே எடுக்கவில்லை, எடுத்தால் ஏதோ கைநழுவிப் போய்விடும் என்பதுபோல மவுஸின்மேல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். திரை முழுக்க நீலமாயிற்று, நடுவில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது, அதன் கீழே பூஜ்யம் சதவீதம் என்று வந்தது, அதற்குக் கீழே கணினியை அணைத்துவிடாதீர்கள் என்று பொடி எழுத்தில். அணைக்கவா போகிறேன், நீ அணைந்துவிடாமல் இருந்தால் போதாதா என்று அவள் வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். தூத்துக்குடியில் அந்தச் செவித்திறன் மையத்துக்கு மாடியில் இரண்டே அறைகள், ஒன்றில் நாற்காலிகள், ஒன்றில் அவளும் இந்தக் கணினியும். ஒன்பது வருஷமாக இதே கணினிதான். யாரோ நன்கொடையாகக் கொடுத்தது, அன்றைக்கே அது கொஞ்சம் பழசு. மின்விசிறி ஓடுகிறதா கணினி ஓடுகிறதா என்று தெரியாத அளவுக்குச் சத்தம் போடும், மழைக்காலத்தில் காலையில் எழ மறுக்கும், பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால் எழுந்துகொள்ளும். இன்று அதன் உள்ளே இருந்த பழைய இயங்குதளத்தைத் தூக்கிவிட்டு, அதற்கு ஆகவே ஆகாது என்று தயாரித்தவர்களே சொல்லிவிட்ட புதிய ஒன்றை அவள் ஏற்றிக்கொண்டிருந்தாள், யாரையும் கேட்காமல், ஒரு கைபேசி வீடியோவைப் பார்த்து. அடுத்த அறையில் நாலரை வயதுப் பிள்ளை ஒன்று பத்தொன்பது நாளாக எதுவும் காதில் விழாமல் உட்கார்ந்திருந்தது, அதனால்தான்.

மூன்று சதவீதம். ரியோனா என்று பெயர், மணப்பாட்டுப் பக்கத்துப் பிள்ளை, பிறவியிலேயே கேட்காது. இரண்டரை வயதில் தலையில் அறுவை செய்து உள்ளே எலும்புக்கு அடியில் கருவியின் ஒரு பாதியை வைத்தார்கள், மறுபாதி வெளியே, காதுக்குப் பின்னால் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். வெளிப்பாதி இல்லாவிட்டால் உள்ளிருப்பது வெறும் இரும்புத் துண்டு. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் அப்பாவின் வள்ளத்தில் ஏறி உட்கார்ந்து விளிம்பில் குனிந்து மீன் பார்த்திருக்கிறாள், அது கழன்று தண்ணீருக்குள் போய்விட்டது. அப்பா இரண்டு மணி நேரம் முங்கி முங்கித் தேடினாராம், கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகி வெளியே வந்தாராம். காப்பீட்டில் மாற்றுக் கருவி நேற்றுத்தான் வந்தது. புதுக் கருவி, புது மாடல். பொன்மாரியிடம் இருந்த மென்பொருளுக்கு அதை அடையாளமே தெரியவில்லை. புது மென்பொருள் வேண்டும், புது மென்பொருளுக்குப் புது இயங்குதளம் வேண்டும், புது இயங்குதளத்துக்குப் புதுக் கணினி வேண்டும். புதுக் கணினிக்கு ஜூன் மாதக் கமிட்டி கூடியாக வேண்டும் என்றார் நிர்வாகி தனபாலன் சார். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு இருபத்தாறு நாள் கழித்துத் தேதி கொடுத்தார்கள். இருபத்தாறும் பத்தொன்பதும் நாற்பத்தைந்து. இந்தப் பத்தொன்பது நாளிலேயே தண்ணி என்கிற சொல் போய்விட்டது என்று அவள் அம்மா ஜெனோவா சொன்னாள், இப்போது வாய்க்கு நேரே கட்டைவிரலைக் காட்டுகிறாளாம். அந்தச் சொல்லைக் கொண்டுவர ஐந்து வாரம் ஆயிற்று. ஒரு பிளாஸ்டிக் டம்ளரை உதட்டுக்குப் பக்கத்தில் வைத்து, தண்ணி, தண்ணி என்று சொல்லிச் சொல்லி, பொன்மாரிக்கே அந்தச் சொல்லின் அர்த்தம் கழன்றுபோய் வெறும் சத்தமாகிவிட்ட ஒரு சாயங்காலத்தில்தான் அது வந்தது.

ஒன்பது சதவீதம். முதலில் ஏற்றப் பார்த்தபோது வந்த வாசகம் இன்னும் கண்ணில் நின்றது, இந்தக் கணினி குறைந்தபட்சத் தகுதிகளை நிறைவு செய்யவில்லை. தகுதி. இந்தச் சொல்லை எத்தனை மேசைகளில் கேட்டாயிற்று. ஆறு வயதைத் தாண்டினால் இலவச அறுவை கிடையாது என்பதால், ஆறு வயதும் மூன்று மாதமும் ஆன ஒரு பையனின் பேப்பரைத் தூக்கிக்கொண்டு அவள் மூன்று அலுவலகம் ஏறி இறங்கினாள், மூன்று மாதம்தானே சார் கூட என்றாள், தகுதி இல்லையேம்மா என்றார்கள், அந்தப் பையன் இப்போது எங்கேயோ பட்டறையில் இருக்கிறான். அதனால்தானோ என்னவோ, ஒரே ஒரு வரியை மாற்றிவிட்டால் தகுதி பார்க்கும் இடத்தைத் தாண்டிப் போய்விடலாம் என்று வீடியோவில் முகம் காட்டாத ஒருவன் சொன்னபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு வரி. ஒரு பெயர், ஒரு எண், ஒன்று என்று போட்டுச் சேமித்தால் முடிந்தது. வீடியோவின் கடைசியில், உங்கள் தரவுகளுக்கு நான் பொறுப்பில்லை நண்பர்களே என்று சிரித்தான். அவன் ஏன் சிரித்தான்? எல்லா வீடியோவிலும் அப்படித்தான் சிரிப்பானாக இருக்கும்.

கதவு லேசாகத் திறந்தது. ஜெனோவா தலையை மட்டும் நீட்டினாள், நைலக்ஸ் சேலை தோளில் வியர்வையில் ஒட்டியிருந்தது. “மிஸ், ஆயிருமா? இவ பசிக்குன்னு கையக் காட்டுதா. கீழ இட்லி வாங்கிக் குடுத்துட்டு வந்துரட்டா?” பொன்மாரி திரும்பிச் சிரித்தாள், சிரித்தது முகத்தில் சரியாக வந்ததா என்று தெரியவில்லை. “போயிட்டு வாங்க ஜெனோவா. அவசரமே இல்ல. இது ஒரு மணி நேரம் ஆகும்.” “ரெண்டு மணிக்கு எங்களுக்கு பஸ்ஸு மிஸ், அத விட்டா அஞ்சு மணிதான்.” “ரெண்டுக்குள்ள முடிச்சிரலாம்.” ஏன் அப்படிச் சொன்னாள்? முடிச்சிரலாம் என்று யார் இவளிடம் சொன்னார்கள்? கதவு மூடியது, படியில் பிள்ளையின் செருப்புச் சத்தம் இறங்கிப் போயிற்று, பீப் பீப் என்று நடக்கும்போது சத்தம் போடுகிற செருப்பு. அதை அந்தப் பிள்ளைக்கு வாங்கிக்கொடுத்தவர்கள் அவளுக்குக் கேட்கிறது என்கிற சந்தோஷத்தில்தானே வாங்கியிருப்பார்கள். இப்போது அது ஊருக்கெல்லாம் கேட்கிறது, அவளுக்கு மட்டும் கேட்கவில்லை.

இருபத்திரண்டு சதவீதம். இருபத்திரண்டு. கருவியின் உள்பாதியில் இருபத்திரண்டு புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு எண்கள், எவ்வளவு சன்னமாகக் கொடுத்தால் பிள்ளைக்குக் கேட்கத் தொடங்குகிறது என்பது ஒன்று, எவ்வளவு வரைக்கும் தாங்குவாள் என்பது இன்னொன்று. ஆக நாற்பத்து நான்கு எண்கள், அதைத்தான் மேப் என்பார்கள். அந்த நாற்பத்து நான்கும் அந்த ஒரு பிள்ளைக்குத்தான் பொருந்தும், வேறொருத்திக்குப் போட்டால் ஒன்றும் கேட்காது, இல்லாவிட்டால் இடி இறங்கியதுபோல இருக்கும். ரியோனாவின் எண்களைக் கண்டுபிடிக்க இரண்டு வருஷம் ஆயிற்று. பிள்ளையின் கையில் பாசிமணியைக் கொடுத்து, சத்தம் கேட்டால் கிண்ணத்தில் போடு என்று பழக்கி, அவள் சில நாள் கேட்டும் போடாமல், சில நாள் கேட்காமலே கிண்ணத்தை நிரப்பி, ஒரு நாள் மணியை மூக்குக்குள் விட்டுக்கொண்டு, இப்படி ஒவ்வொரு எண்ணாக. எண்களெல்லாம் இந்தக் கணினிக்குள்தான் இருந்தன, அறுபத்தொரு பிள்ளைகளுடைய எண்களும். மற்ற அறுபது பேர் காதுக்குப் பின்னால் இருக்கும் கருவியிலும் அவரவர் எண்கள் இருக்கும், வேண்டுமென்றால் கேபிளைப் போட்டுத் திரும்ப வாசித்துக்கொள்ளலாம். ரியோனாவின் கருவி கடலுக்குள் கிடக்கிறது. அவளுடைய எண்கள் இந்த ஒரே இடத்தில்தான் உண்டு, இங்கே மட்டும், இதோ சுற்றிக்கொண்டிருக்கும் இந்த வட்டத்துக்குப் பின்னால். சரி, பயப்படுவதற்கென்ன, நகல்தான் எடுத்தாயிற்றே. காலையில் வந்ததும் முதல் வேலையாக வெளி டிஸ்க்கைச் செருகி, மேசைத்திரையில் மேப்ஸ் என்று இருந்த ஃபோல்டரை இழுத்து அதில் போட்டாயிற்று. இழுத்துப் போட்டாள், ஒரு நொடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஒரு நொடியில்.

ஒன்பது வருஷம், அறுபத்தொரு பிள்ளைகள், ஒவ்வொரு பிள்ளைக்கும் இருபது முப்பது வருகைகள், ஒவ்வொரு வருகைக்கும் வரைபடங்கள், அதெல்லாம் ஒரு நொடியில் எப்படிப் போகும்? போகும், சின்னச் சின்னக் கோப்புகள்தானே. இல்லை, போகாது. போன வருஷம் ஆடிட் வந்தபோது நகல் எடுத்தது டீ வாங்கிவந்து குடித்து முடிக்கும் வரை ஓடியதே. அன்று எடுத்தது கருவிக் கம்பெனியின் இன்ஜினியர் பையன், மென்பொருளுக்குள்ளே போய் எதையோ திறந்து எடுத்தான், இந்த ஃபோல்டரிலிருந்து எடுக்கவில்லை. இந்த ஃபோல்டரின் மூலையில் ஒரு சின்ன அம்புக்குறி உண்டு. உண்டா? உண்டு. ஒன்பது வருஷமாக அதன்மேல்தான் இரண்டு தட்டுத் தட்டி உள்ளே போகிறாள், அம்புக்குறியும் தினமும் கண்ணில் படும், அது பாட்டுக்கு அங்கே இருக்கும். அப்படியானால் அவள் இழுத்துப் போட்டது ஃபோல்டரையா, அதற்குப் போகும் வழியைக் காட்டும் வெறும் படத்தையா? டிஸ்க் மேசைமேல்தான் கிடந்தது. அதைக் கையில் எடுத்தாள், சூடாகக்கூட இல்லை. செருகிப் பார்க்க வேறு கணினி கிடையாது, இது முப்பத்தொன்றில் நிற்கிறது, இதில் இப்போது எதையும் செருகக் கூடாது. இன்னொன்றும் நினைவு வந்தது. ஏற்றத் தொடங்கும் முன் ஒரு கேள்வி கேட்டதே, எதையெல்லாம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று. எல்லாவற்றையும் என்கிற முதல் வரி மங்கலாகத் தொட முடியாமல் கிடந்தது. நடுவில் சொந்தக் கோப்புகளை மட்டும் என்று ஒன்று, கடைசியில் எதுவும் வேண்டாம் என்று ஒன்று. அவள் நடுவில்தான் தட்டினாள். நடுவில்தானே? சொந்தக் கோப்பு என்றால் எது? அவள் தம்பி கல்யாணப் படங்கள் கொஞ்சம் இதில் கிடந்தன, அது சொந்தம். ரியோனாவின் எண்கள் யாருக்குச் சொந்தம் என்று இந்தக் கணினி நினைத்துக்கொண்டிருக்கிறது?

அவள் எழுந்து டிஸ்க்கை எடுத்துக்கொண்டு ஓடினாள். அறையைப் பூட்டவில்லை, பூட்டப் போய்த் திரும்பி வந்து திரையைப் பார்த்து, முப்பத்திரண்டு, மறுபடி போய், பூட்டாமலே இறங்கிவிட்டாள். எதிரே ஜெராக்ஸ் கடை. ரோட்டைத் தாண்டும்போது உப்பு லாரி ஒன்று ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போயிற்று, வெயில் தலையில் ஆணி அடித்தது. கடையில் இருந்த கோமுவுக்கு அவளைத் தெரியும், கல்லூரி முடித்துவிட்டு அங்கே வேலை பார்க்கும் பெண். “இத ஒரு தடவ தொறந்து பாத்துச் சொல்லும்மா, மேப்ஸ்னு இருக்கும்.” கோமு யாருக்கோ ஆதார் அட்டையை நகலெடுத்துக்கொண்டிருந்தாள், அந்த வெளிச்சம் இடமிருந்து வலமாகப் போய்த் திரும்பும் வரை பொன்மாரி மூச்சை விடாமல் நின்றாள். கோமு டிஸ்க்கைச் செருகினாள். இரண்டு தட்டினாள். புருவத்தைச் சுருக்கினாள். “அக்கா, தொறக்க மாட்டுக்கே. இது வெறும் ஷார்ட்கட்டு. ஒரு கேபிதான் இருக்கு. ஒரிஜினல் உங்க சிஸ்டத்துலதான் கெடக்கும், அங்கேர்ந்து எடுத்துக்கிடுங்க.” “ஆமா” என்றாள் பொன்மாரி, “அங்கதான் கெடக்கு.” அவள் சொல்லி முடிக்கவும் கடையின் டியூப்லைட் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டியது. அவள் டிஸ்க்கைக்கூட வாங்கிக்கொள்ளாமல் ரோட்டுக்குப் பாய்ந்தாள். மேலே யூபிஎஸ் பேட்டரி செத்து ஐந்து மாதமாகிறது, கரண்ட் போனால் அந்த நொடியே எல்லாம் போய்விடும். சித்திரை வெயிலில் இந்த ஊரில் கரண்ட் போகாத பகல் உண்டா? இதைத் தெரிந்துகொண்டேதானே உட்கார்ந்தாள், தெரிந்துகொண்டே எப்படி ஒருத்தி இந்தக் காரியத்தைச் செய்வாள்? படியில் கால் இடறி முழங்காலில் அடிபட்டது, அடிபட்டது அப்புறம்தான் வலித்தது. திரை எரிந்துகொண்டிருந்தது. வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. நாற்பத்தெட்டு.

நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள், கை எதையாவது தொட்டுவிடுமோ என்று. நாற்பத்து நான்கு எண்கள். ஒரு காகிதம் போதுமே. பள்ளிக்கூட நோட்டில் ஒரு பக்கம், பால் பேனா, இரண்டு நிமிஷம். நிமிர்ந்தால் அலமாரியில் ரியோனாவின் கோப்பு தெரிகிறது. அதில் முதல் ஆறு மாதத்து எண்களை அவளே எழுதி வைத்திருக்கிறாள், அப்புறம் பிரிண்டர் வந்தது, எழுதுவதை விட்டாள், அப்புறம் பிரிண்டர் கெட்டது, எழுதுவது திரும்ப வரவில்லை. முதல் ஆறு மாதத்து எண்கள் இன்றைக்கு எதற்கு ஆகும், இரண்டரை வயதில் போட்ட செருப்பு மாதிரி. திரும்ப முதலிலிருந்து பார்க்கலாம், பாசிமணியும் கிண்ணமுமாக, ஒன்றிலிருந்து. கேட்டுப் பழகிய பிள்ளைக்குத் தப்பான எண்ணைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். எட்வின். வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், அவசரம், வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள், சத்தத்தை இரண்டு படி ஏற்ற வேண்டிய இடத்தில் பத்துப் படி ஏற்றிவிட்டாள். விரல் ஒரு நொடி கூடுதலாக அழுந்தி நின்றது, அவ்வளவுதான். அந்தப் பையன் நாற்காலியோடு பின்னால் விழுந்தான். அவன் கத்தியது அழுகை மாதிரி இல்லை. அதற்குப் பிறகு அவளைத் தூரத்தில் பார்த்தாலே இரண்டு கையாலும் தலையை மூடிக்கொள்வான், ஒரு தடவை மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தில் அப்படி மூடிக்கொண்டு அப்பாவின் காலுக்குள் புகுந்தான், அவனுடைய அப்பா அவளைப் பார்த்து, சாரி மிஸ், இவன் இப்படித்தான் என்றார். அவர் ஏன் சாரி சொன்னார்? கை தொடைக்கு அடியில் மரத்துப்போயிற்று.

எழுபத்தொன்று. எழுபத்தொன்றில் நின்றது. முதலில் அவள் கவனிக்கவில்லை, அப்புறம் எழுபத்தொன்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், வட்டம் சுற்றுகிறதா என்று பார்த்தாள், சுற்றியது, சுற்றுவது போலிருந்தது. பதினொன்று நாற்பது. பதினொன்று ஐம்பத்தைந்து. உள்ளே டிஸ்க் கொறகொறவென்று எதையோ கடித்துக்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்தி அணைத்துவிடலாமா, இங்கேயே நிறுத்தினால் பழையதாவது மிஞ்சுமா, அணைத்தால் எல்லாம் போகுமா, அணைக்காவிட்டாலும் போய்க்கொண்டுதான் இருக்கிறதா. உள்ளே இந்த நிமிஷம் எதை அழிக்கிறது? வரிசையாக அழிக்குமா? அகர வரிசையில் அழித்தால் ரி வருவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்தாள், நினைத்துவிட்டு, எனக்குப் பைத்தியம்தான் பிடித்துவிட்டது என்று நினைத்தாள். பக்கத்து அறையில் செருப்புச் சத்தம் கேட்டது, பீப் பீப், அவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டார்கள். எழுபத்திரண்டு. எழுபத்திரண்டு என்று வந்ததும் அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, ஏதோ நல்லது நடந்துவிட்டதுபோல. அப்புறம் எண்கள் தடதடவென்று ஓடின, திரை கறுத்தது, அணைந்தது, மறுபடி எழுந்தது, மறுபடி கறுத்தது, அந்தக் கறுப்பில் அவளுடைய முகம் தெரிந்தது, வாய் திறந்திருந்தது. பன்னிரண்டு இருபதுக்குப் புதிய திரை வந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டு மலையும் ஏரியும் படமாக, வணக்கம் என்றது. ஆகாது என்று சொன்ன கணினி அதை ஏற்றுக்கொண்டுவிட்டது.

மேசைத்திரையில் தம்பியின் கல்யாணப் படங்கள் இருந்தன. மேப்ஸ் இருந்தது, மூலையில் அம்புக்குறியோடு. தட்டினாள். அது காட்டும் இடம் இல்லை என்றது. சரி, பொறு, புது மென்பொருளை ஏற்றிப் பார்க்கலாம், அதுவே தேடி எடுத்துக்கொள்ளலாம், அப்படித்தான் இருக்கும் என்று பென்டிரைவில் வைத்திருந்ததை ஏற்றினாள், அதற்கு ஒரு கால் மணி, திறந்தாள். வெள்ளை வெளேரென்று ஒரு பக்கம். நோயாளிகள், பூஜ்யம். புதிய நோயாளியைச் சேர்க்கவா என்று கேட்டது. அவள் கருவிக் கம்பெனி இன்ஜினியரைப் போனில் கூப்பிட்டாள். “மேடம், அந்த மெஷின்லயா போட்டீங்க? அதுக்கு சப்போர்ட்டே கிடையாதுன்னு சொன்னேனே. நாங்க எதுவும் சொல்ல முடியாது மேடம். பேக்கப் எடுத்தீங்கள்ல?” “எடுத்தேன் சார்.” “அப்ப என்ன, அதுலேர்ந்து ரீஸ்டோர் பண்ணிக்கோங்க, அஞ்சு நிமிஷம்.” “சரி சார், ரொம்ப தேங்க்ஸ்.” போனை வைத்தாள். ஏன் பொய் சொன்னாள்? நாற்பத்தொரு வயதில், யாருக்குப் பயந்து? நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள், மேசையின் காலில் சாய்ந்துகொண்டாள், தரை குளிர்ச்சியாக இருந்தது. இப்படியே இருந்துவிடலாம், இரண்டு மணி பஸ் போய்விடும், ஐந்து மணி பஸ்ஸும் போய்விடும். ஒரு பிள்ளையின் இரண்டு வருஷத்தை ஒரு மத்தியான வேளைக்குள் இல்லாமல் பண்ணிவிட்டேன். அவள் அப்பா கடலில் தேடினார். எனக்குத் தேடவும் இடமில்லை. தனபாலன் சார் என்ன சொல்வார் என்று நினைத்துப் பார்த்தாள், அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. ஜெனோவாவிடம் என்ன சொல்வது என்பதுதான் பெரிது. கரண்ட் போயிற்று, மெஷின் கெட்டுப்போயிற்று, எதையாவது சொல்லலாம், நம்புவாள். எது சொன்னாலும் நம்புவாள்.

அவள் எழுந்து வெளியே போனாள். ஜெனோவா நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள், காதுக்குப் பின்னால் மட்டும் முடியை விலக்கிக் காந்தம் ஒட்ட இடம் விட்டிருந்தாள். பொன்மாரி அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “ஜெனோவா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். புதுசு போடும்போது ரியோனாவோட மேப் போயிட்டு. நகல் எடுத்தேன்னு நெனச்சேன், எடுக்கல. என் தப்புதான்.” ஜெனோவாவின் கை பின்னலில் நின்றது. திட்டுவாள் என்று பொன்மாரி நின்றாள், திட்டினால் நன்றாக இருக்கும். “போயிட்டுன்னா? எங்க போச்சு மிஸ்?” “எங்கன்னா, அழிஞ்சிருச்சு.” “அழிஞ்சத நீங்க கண்ணால பாத்தீங்களா?” “இல்ல, இருந்த எடத்துல இல்ல.” “இருந்த எடத்துல இல்லன்னா வேற எங்கயாச்சும் தூக்கி வச்சிருக்குமே மிஸ். வீட்ட வெள்ளையடிக்கும்போது சாமானத் தூக்கிப் பொறத்த போடுத மாதிரி. முழுசாத் தேடினீங்களா?” பொன்மாரிக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. இது என்ன கரண்டியா, அகப்பையா, கணினி என்றால் என்னவென்று தெரியுமா உனக்கு, என்று தொண்டை வரை வந்தது. தேடவில்லை. அவள் தேடவே இல்லை. தரையில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

உள்ளே போய் முழு டிஸ்க்கிலும் தேடு என்று போட்டாள். ரியோனா என்று போட்டால் வராது, கோப்பின் பெயர் வெறும் எழுத்தும் எண்ணுமாக இருக்கும், ஆனால் அதன் வால் என்னவென்று அவளுக்குத் தெரியும், புள்ளிக்குப் பிறகு வரும் மூன்று எழுத்து, ஆடிட் அன்று அந்தப் பையன் சொன்னது. அதைப் போட்டாள். பச்சைக் கோடு மேலே ஊர்ந்தது. ஜெனோவா கேட்காமலே உள்ளே வந்து அவள் பின்னால் நின்றாள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு. பச்சைக் கோடு பாதியில் நின்றது, ஊர்ந்தது, நின்றது. மின்விசிறி ஒரு தடவை சுருதி இறங்கிற்று, பொன்மாரி கண்ணை மூடிக்கொண்டாள், விசிறி மறுபடி வேகம் பிடித்தது. “மிஸ், என்னமோ வந்துருக்கு.” ஒரு வரி வந்திருந்தது. ஒரே ஒரு கோப்பு. ஏற்றும்போது பழைய இயங்குதளம் முழுவதையும் அள்ளி, பழையது என்று பெயர் போட்ட ஒரு ஃபோல்டருக்குள் அந்தக் கணினி ஒதுக்கி வைத்திருந்தது. அப்படி ஒன்று உண்டு என்று அந்த வீடியோக்காரன்கூடச் சொல்லவில்லை. தேதி நேற்று. அளவு பெரியது, டீ குடித்து முடிக்கும் வரை நகலாகக்கூடிய அளவு. அவள் அதைப் புது மென்பொருளுக்குக் காட்டினாள், பழைய வடிவம், மாற்றிக்கொள்ளவா என்று கேட்டது, ஆமாம் என்றாள். நோயாளிகள், அறுபத்தொன்று. கீழே இறங்கி ரியோனாவைத் திறந்தாள், இருபத்திரண்டு கம்பிகள் உயரமும் குட்டையுமாக எழுந்து நின்றன. அவள் மேசை டிராயரைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து, பேனாவை எடுத்து, நாற்பத்து நான்கு எண்களையும் எழுதினாள், எழுதியதை விரல் வைத்து ஒரு தடவை சரி பார்த்தாள். அதற்கு அப்புறம்தான் கேபிளை எடுத்தாள். மணி ஒன்று இருபது.

புதுக் கருவியை மென்பொருள் கண்டுகொண்டது. எண்களை ஏற்றினாள். பத்தொன்பது நாள் கேட்காமல் இருந்த காது, எல்லாவற்றையும் கால்வாசிக்கு இறக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, ஒவ்வொரு படிக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்து. எட்வின் பின்னால் விழுந்த நாற்காலி இதுவல்ல, அதை எப்போதோ மாற்றியாயிற்று, ஆனாலும் அவள் ஒரு கையை ரியோனாவின் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். காந்தம் டக்கென்று ஒட்டியது. பிள்ளை அசையவில்லை. ஒரு படி. இன்னொரு படி. பிள்ளை மேசைமேல் கிடந்த பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு படி. ஒன்றுமில்லை. பொன்மாரி கேபிளை ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள், உள்பாதிக்கு ஏதாவது ஆகியிருக்குமோ, கேபிள் சரியில்லையோ, இந்தப் புது இயங்குதளம் எதையாவது தின்றுவிட்டதோ. இன்னொரு படி.

“ஏ ரியோனா!” என்று ஜெனோவா கூப்பிட்டாள். கூப்பிடவில்லை, கத்தினாள், கடற்கரையில் நின்று வள்ளத்தில் இருப்பவனைக் கூப்பிடுவதுபோல, அந்தச் சின்ன அறையின் கண்ணாடி அதிர. பத்தொன்பது நாளாக வீட்டில் எல்லோரும் இவளிடம் இப்படித்தான் பேசியிருக்கிறார்கள், கேட்காது என்று தெரிந்தே, கத்தினால் ஒருவேளை கொஞ்சமாவது உள்ளே போகும் என்று. பொன்மாரி பதறிப்போய் மவுஸுக்குக் கையை நீட்டினாள். ரியோனாவின் தோள் தூக்கிப் போட்டது. அவள் மெதுவாக அம்மா பக்கம் திரும்பினாள். உதடு பிதுங்கியது, அழப் போகிறாள் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள். பிள்ளை நெற்றியைச் சுருக்கி, கையை எடுத்து அம்மாவின் வாயின்மேல் வைத்து அழுத்தினாள்.

“கத்தாத” என்றாள்.

ஜெனோவா அந்தக் கைக்குப் பின்னால் அப்படியே நின்றாள். கண்ணிலிருந்து வழிந்தது விரல் இடுக்கில் இறங்கிற்று. பிறகு கையை விலக்கி, குனிந்து, பிள்ளையின் காதுக்குப் பின்னால், புதுக் கருவிக்குப் பக்கத்தில் வாயை வைத்து என்னவோ சொன்னாள். ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்த பொன்மாரிக்கு அது கேட்கவில்லை. ரியோனா தலையை ஆட்டினாள்.